இல்லாத மாடிக்கு வரி

இல்லாத மாடிக்குப் பதினோரு வருஷம் வரி கட்டினேன். கெட்டது அங்கேதான்.

நீர் தேடி வந்த கம்பெனி மாடியில் இல்லை. மாடியே இல்லை. பக்கத்தில் படி இருக்கிறது, ஏறிப் பாரும். மொட்டைத் தரை, தண்ணீர்த் தொட்டி, தூணுக்கு விட்ட கம்பி. அதற்கு மேலே வெயில். பார்த்துவிட்டு இறங்கி வாரும்.

பார்த்தாச்சா? உட்காரும். அந்த நாற்காலி வேண்டாம், கால் ஆடும். இதில்.

பாஸ்போர்ட்டா, சர்ட்டிபிகேட்டா? ரெண்டுமா. ம். உமக்கு முன்னால் பதினேழு பேர் வந்தாச்சு. நீர் பதினெட்டு. எல்லார் கையிலும் இதே சீட்டுத்தான். என் கதவு எண், என் தெரு, கீழே ‘முதல் தளம்’. வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கிறோம் என்று எவனோ அச்சடித்துக் கொடுத்திருக்கிறான். அவனுக்கும் எனக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. நீர் நம்பவில்லை, முகத்தில் தெரிகிறது. கேட்டுவிட்டு நம்பும்.

என் பேர் பலவேசம். மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டர். ரிட்டையர் ஆகி ஒன்பது வருஷம். ஒருத்தர் வீட்டில் ஒரு பைசா தப்பாக வாங்கினதில்லை. பாக்கி வைத்தவன் வீட்டு பியூஸைப் பிடுங்கும்போது முகம் பார்த்ததில்லை. அப்படிப்பட்டவன்.

மகள் ஒருத்தி, மாலதி. வரன் வந்தது. பையன் கோயம்புத்தூரில் மோட்டார் பம்ப் கம்பெனியில் வேலை. அப்பா இல்லை, அம்மாதான் எல்லாம். அந்தம்மா பெண் பார்க்க வந்தபோது வீட்டுக்குள் வரவில்லை. வாசலில் நின்று முதலில் மேலே பார்த்தது.

“கம்பி விட்டிருக்கே. மாடி எடுக்கப் போறியளா, அண்ணாச்சி?”

“ஆமா. மாலதிக்குத்தான்.”

“எப்ப?”

ஒரே வார்த்தை. நகை இவ்வளவு என்றேன், தலையாட்டியது. பாத்திரம் என்றேன், அதற்கும் தலையாட்டல். பிறகு திரும்பவும், மாடி எப்ப. அவர்களுக்குச் சொந்த வீடு கிடையாது. ஆறு வாடகை வீடு மாறிப் பிள்ளையை வளர்த்ததாம். மாலதிக்கு ஒரு கூரை அவள் பேரில் இருக்க வேண்டுமாம். நான் கேட்டேனா அந்தக் கதையை?

“ஆவணியில கல்யாணம். அதுக்குள்ள முடிச்சிருவேன்” என்றேன்.

அந்தம்மா ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை. நான் சொன்னால் சொன்னதுதான். அதை எப்படிக் காட்டுவது?

பில் கலெக்டர் தங்கப்பழத்தை வீட்டுக்குக் கூப்பிட்டேன். நகராட்சியில் எங்கள் வார்டுக்கு வரி வசூலிக்கிறவன். இந்த ஊரில் நமக்கு நாமே படிவம் எழுதிக் கொடுக்க வேண்டும். எத்தனை தளம், எத்தனை சதுர அடி, குடியிருப்பா கடையா என்று. அதை வைத்துத்தான் வரி.

“முதல் தளத்துக்கும் சேர்த்து வரி போடும்” என்றேன்.

அவன் மேலே போய்விட்டு இறங்கி வந்தான். “அண்ணாச்சி, சுவரே இல்ல. எதை அளக்கச் சொல்லுதிய?”

“கீழே அளவும். அதே அளவுதான் மேலேயும் வரும்.”

“கட்டி முடிச்ச பெறவுல்லா படிவம் தரணும்.”

“கட்டத்தான் போறேன். வரி கொடுக்கிறவன் நான். உமக்கு என்ன வலிக்கி?”

“எனக்கு ஒண்ணும் வலிக்கல. மாடியை மறைச்சு வரியைக் குறைன்னு கால்ல விழுத ஆளுக உண்டு. இல்லாத மாடிக்கு வரி போடுன்னு அதட்டுத ஆளை இப்பதான் பாக்கேன்” என்று சிரித்தான்.

படிவத்தில் கீழே, ‘இதில் கண்டவை யாவும் உண்மை’ என்று அச்சடித்திருக்கும். அதன் கீழே கையெழுத்துப் போட்டேன். முழுக் கையெழுத்து.

நிச்சயதார்த்தத் தட்டில் வெற்றிலை, பாக்கு, பழம், பூ. அதோடு அந்த ரசீதையும் வைத்தேன். எவனாவது வைத்திருப்பானா? நான் வைத்தேன். முதல் தளம், குடியிருப்பு, என் பேர், நகராட்சி முத்திரை. வரியே போட்டாச்சு, இனிக் கட்டாமல் விட முடியுமா என்று அர்த்தம். அந்தம்மா ரசீதை எடுத்து முன்பக்கம் படித்தது. திருப்பிப் பின்பக்கம் படித்தது. பைக்குள் வைத்துக்கொண்டு, “சரி, தட்டை மாத்திக்கிடுவோம்” என்றது.

கல்யாணம் நடந்தது. மாடி நடக்கவில்லை. வேலை இருந்தது. ஆயிரம் வேலை.

ஆனால் வரி கட்டினேன். அரை வருஷத்துக்கு ஒன்று, மொத்தம் இருபத்திரண்டு ரசீது. நிறுத்தினால் நான் மாடியைக் கைவிட்டேன் என்று ஆகிவிடும். பெயிண்டர் ஒருத்தனைக் கூப்பிட்டு முன்சுவரில் ரெண்டு வரி எண்ணையும் எழுதச் சொன்னேன். தரைத்தளம் இன்ன எண், முதல் தளம் இன்ன எண். பஸ்ஸிலிருந்து பார்த்தாலும் தெரியும். அவ்வளவு பெரிய எழுத்து.

ஒவ்வொரு ஆவணியிலும் அந்தம்மா மாலதி மூலமாகக் கேட்கச் சொல்லும். மாடி எப்ப. போனில் பதில் சொன்னால் எதிர்க்கேள்வி வரும். அதனால் தபால் அட்டை போடுவேன். அட்டைக்கு எதிர்க்கேள்வி கிடையாது. இதையும் சொல்கிறேன், கேட்டுக்கொண்டே இருந்தால் கொடுக்க மனசு வருமா உமக்கு? கேட்காமல் இருந்திருந்தால் ரெண்டாம் வருஷமே கட்டியிருப்பேன்.

மாலதி வருவது குறைந்தது. பேரன் பிறந்தான், பள்ளிக்கூடம், லீவு இல்லை. என் வீட்டுக்காரி போய் நாலு வருஷம். காரியத்துக்கு எல்லாரும் வந்தார்கள். அந்தம்மா வாசலில் நின்று, அன்றைக்கும், அந்த நேரத்திலும், தலையைத் தூக்கி மேலே பார்த்தது. துஷ்டி வீட்டில் பார்க்கிற பார்வையா அது? அதோடு பேச்சு நின்றது. ஆவணி அட்டையை மட்டும் நான் நிறுத்தவில்லை.

போன வருஷம் பங்குனியில் எதிர்த்த டீக்கடையில் ஒருத்தன் உட்கார்ந்திருந்தான். ரெண்டு நாள். மடிப்புக் கலையாத சட்டை. டீயைக் குடிப்பதில்லை, ஆற வைத்துக்கொண்டு என் வீட்டையே பார்த்தான். சுவரைப் பார்ப்பான், மேலே பார்ப்பான், திரும்பச் சுவரைப் பார்ப்பான். மூன்றாம் நாள் வாசலுக்கு வந்தான்.

“சார், மாடி வாடகைக்கு வருமா?”

மாடி இல்லை என்று சொல்லியிருக்கலாம். கண்ணுக்கு முன்னால்தானே நிற்கிறான், அவனுக்கே தெரியும். தெரிந்தும் கேட்டான். எனக்குச் சுருக்கென்றது.

“ஆள் பேசியாச்சு” என்றேன்.

அவன் சிரித்தான். “அப்படியா சார். ரொம்ப நல்லது.” போய்விட்டான். அந்தச் சிரிப்பு என்ன என்று எனக்கு நாலு மாதம் புரியவில்லை.

ஆனி மாதம் நகராட்சி அறிவிப்பு வந்தது. முதல் தளம் குடியிருப்பிலிருந்து வணிகப் பயன்பாட்டுக்கு மாற்றப்பட்டது. வரி மூன்று மடங்கு. ஆட்சேபணை இருந்தால் முப்பது நாளுக்குள் ஆணையருக்கு எழுதவும்.

எழுதலாம். என்ன எழுத? கடை இல்லை என்று எழுதினால், அப்போ யார் குடியிருக்கிறார் என்பான். யாரும் இல்லை என்றால் அளக்க வருவான். வந்தால் மாடியே இல்லை என்று கோப்பில் ஏறும். எல்லாம் உண்மை என்று நான் போட்ட கையெழுத்து என்ன ஆகும்? அந்தம்மா காதுக்குப் போனால் என்ன ஆகும்? அறிவிப்பை மடித்துக் காலண்டருக்குப் பின்னால் வைத்தேன். முப்பது நாள் போனது. இல்லை என்று நான் சொல்ல மாட்டேன் என்று கண்டுகொண்ட சிரிப்பு அது, அப்போதுதான் புரிந்தது.

பிறகு கடிதம் வர ஆரம்பித்தது. ஏதோ இங்கிலீஷ் பேர், முதல் தளம். தபால்காரனுக்கு நான் தெரிந்தவன், போட்டுவிட்டுப் போவான். பிரிக்கவில்லை. பிறத்தியார் கடிதத்தைப் பிரிக்கிற பழக்கம் எனக்கு இல்லை. மாடிக்கு வந்தது மாடியில் கிடக்கட்டும் என்று மேலே கொண்டுபோய்ச் செங்கல்லுக்கு அடியில் வைத்தேன். வாரத்துக்கு ஒரு செங்கல் கூடியது. காற்றடித்தால் எல்லாம் சேர்ந்து படபடக்கும். கீழே படுத்திருந்தால் மேலே யாரோ நடமாடுகிற மாதிரி இருக்கும்.

அப்புறம் ஆள் வர ஆரம்பித்தார்கள். முதலில் ஒரு அம்மாள், மகனுடைய டிப்ளமா சர்ட்டிபிகேட்டைக் கேட்டு. மேலே போய்ப் பார்த்துவிட்டு படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். எழுப்ப முடியவில்லை. பிறகு ரெண்டு பேர், பெட்டியோடு. ஒருத்தன் மத்தியான வெயிலில் தெருவில் நின்றான். சுவரிலிருக்கிற எண்ணைப் பார்த்துக்கொண்டே ஒரு மணி நேரம் நின்றான். மறுநாளும் வந்து நின்றான். கதவைச் சாத்திவிட்டு ஜன்னல் இடுக்கில் பார்த்தேன். என் வீட்டில் நான் ஒளிந்தேன், தெரியுமா. முப்பத்திரண்டு வருஷம் கம்பம் ஏறினவன்.

ஒரு நாள் பெரிய மனுஷன் மாதிரி ஒருத்தர். கேட்காமல் படியேறினார், இறங்கினார், என் முகத்துக்கு நேரே வந்தார்.

“இடிச்சிட்டீங்களா?”

“என்னது?”

“மாடியை. எங்க பிள்ளைகளோட பேப்பரையெல்லாம் வாங்கிட்டு, மாடியை இடிச்சிட்டீங்களா?”

பாரும். இல்லாததை இருக்கிறது என்று சொன்னேன். அது இருந்து இடிந்தும் போய்விட்டது.

அவர்தான் போலீசுக்குப் போனார். இன்ஸ்பெக்டர் வந்தார். தன்மையாகப் பேசினார். அதுதான் பயம். அதட்டினால் நானும் அதட்டுவேன். தொழில் உரிமத்துக்கு அந்தக் கம்பெனி கொடுத்த காகிதங்களைக் காட்டினார். அதை வைத்துத்தான் நகராட்சி முதல் தளத்தை வணிகம் என்று மாற்றியிருக்கிறது. ஒன்று வாடகை ஒப்பந்தம், என் கையெழுத்து மாதிரியே போட்டிருந்தான். இன்னொன்று முதல் தளத்து வரி ரசீது. அது போலி இல்லை, நகராட்சி ரசீதேதான். வரி எண்ணைக் கம்ப்யூட்டரில் தட்டினால் யாருக்கும் நகல் வருமாம். எண் எங்கே கிடைத்திருக்கும் என்று கேட்டார். நான் சுவரைப் பார்க்கவில்லை. அவர் பார்த்தார்.

“ஐயா, இன்னைக்கி மாடி இல்ல, சரி. அன்னைக்கி இருந்துச்சா இல்லையா?”

“என்னைக்குமே இல்ல.”

“பதினோரு வருஷம் வரி கட்டியிருக்கிய. அந்தக் கம்பெனிக்கு வந்த கடுதாசியெல்லாம் உங்க மேல்தரையில செங்கல் வச்சுப் பத்திரமா இருக்கு.”

வைத்தவன் நான்தானே.

“மாடி இல்லவே இல்லைன்னு நகராட்சி எழுதித் தரட்டும். பதினஞ்சு நாள் பார்க்கேன். இல்லேன்னா முதல் ஆளா உங்க பேரைத்தான் எழுத வேண்டி வரும். அவனை இன்னும் கண்டுபிடிக்கல. கையில இருக்கது நீங்கதான்.” எழுந்தவர் நின்றார். “மாடி யாருக்குன்னு கம்பி விட்டிய?”

“மகளுக்கு.”

அவள் போன் நம்பரை வாங்கிக்கொண்டு போனார்.

நகராட்சிக்குப் போனேன். வருவாய்ப் பிரிவில் ஒரு எழுத்தர், கண்ணாடி போட்ட பெண். சீராய்வு மனு கொடுக்க வேண்டும், நாள் தாண்டிவிட்டதால் தாமதத்தை மன்னிக்கச் சொல்லித் தனியாக ஒன்று எழுத வேண்டும் என்றது. மன்னிக்கும்படி நான் யாருக்கும் எழுதினதில்லை. எழுதினேன்.

“சாட்சியம் என்னங்கய்யா இருக்கு?”

“கண்ணு இருக்குல்லா. வந்து பாரும்மா.”

“வந்து பார்த்தா இன்னைக்கி இல்லைன்னுதான் எழுத முடியும். முன்னாடியும் இல்லைன்னு எதை வச்சு எழுத? இல்லாத மாடிக்கு யாராச்சும் இருபத்திரண்டு தடவை வரி கட்டுவாங்களா? நீங்களே சொல்லுங்க.”

மின் இணைப்பு ஒன்றுதான் என்றேன். கீழேயிருந்து வயர் இழுத்திருக்கலாமே என்றது. அந்தக் குற்றத்துக்கு நான் எத்தனை பேருக்கு அபராதம் போட்டிருக்கிறேன். தங்கப்பழத்தைக் கேளும் என்றேன். தங்கப்பழம் இறந்து ரெண்டு வருஷம் ஆகிறது என்றது.

விசாரணை பதிமூன்றாம் நாள். அதுவரை வீட்டில் அடுப்பு பற்றவைத்தேனா என்று ஞாபகமில்லை. மேலே காகிதம் படபடக்கவில்லை, போலீஸ் எடுத்துப் போய்விட்டது. சத்தம் இல்லாதது இன்னும் மோசம்.

போனேன். ஆணையர் அறைக்கு வெளியே பெஞ்சு. பெஞ்சில் அந்தம்மா.

கோயம்புத்தூரிலிருந்து பஸ்ஸில் தனியாக வந்திருக்கிறது. இன்ஸ்பெக்டர் மாலதியிடம் பேசியிருக்கிறார், மாலதி அழுதிருக்கிறாள். ஏன் வந்தது? பதினோரு வருஷக் கணக்கைத் தீர்க்க இதைவிட நல்ல நாள் கிடைக்குமா? இவர் மாடி தருகிறேன் என்று என் பிள்ளைக்குப் பெண் கொடுத்தவர், ரசீதைத் தட்டில் வைத்தவர் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். நேரே ஸ்டேஷன்தான்.

“வாங்க அண்ணாச்சி” என்றது. பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டது.

உள்ளே ஆணையர் கேட்டார், சாட்சியம்? நான் வாயைத் திறக்கும் முன்னால் அந்தம்மா எழுந்து பையிலிருந்து ஒரு கட்டை எடுத்து மேஜை மேல் வைத்தது. நூல் சுற்றின தபால் அட்டைகள். என் அட்டைகள். பதினொன்று.

ஆணையர் எழுத்தரிடம் கொடுத்தார். “படிங்க.”

அந்தப் பெண் படித்தது. சத்தமாக.

“மதிப்பிற்குரிய சம்பந்தியம்மாவுக்கு. மணல் கிடைக்கவில்லை. மாடி வேலை தையில் தொடங்கும். பலவேசம்.”

அடுத்தது. “கொத்தனாருக்குக் கால் ஒடிந்துவிட்டது. மாடி இன்னும் தொடங்கவில்லை.”

அடுத்தது. “இந்த வருஷம் மழை அதிகம்.”

அடுத்தது. “இந்த வருஷம் மழை இல்லை. தண்ணீர் இல்லாமல் கட்டடம் எப்படி?”

யாரோ சிரித்தார்கள். கதவோரம் நின்ற பியூனும் சிரித்தான். எழுத்தர் உதட்டைக் கடித்துக்கொண்டு படித்தது. சிரிக்க என்ன இருக்கிறது? எல்லாம் நடந்ததுதான். கொத்தனாருக்குக் கால் ஒடிந்தது, போய்க் கேளும். ஏழாவது அட்டையில் வீட்டுக்காரி உடம்பு சரியில்லை என்று இருந்தது, அதைப் படிக்கும்போது யாரும் சிரிக்கவில்லை. அதற்கப்புறம் எல்லா அட்டையிலும் ரெண்டே வார்த்தை. அதே நிலை.

ஆணையர் ஒவ்வொன்றையும் திருப்பித் தபால் முத்திரையைப் பார்த்தார். வருஷத்துக்கு ஒன்று. ஒரு வருஷம்கூட விட்டுப்போகவில்லை. கடைசி அட்டை போன ஆவணி, கம்பெனி வந்த பிறகு போட்டது.

“எதுக்கும்மா இத்தனை வருஷம் வச்சிருந்தீங்க?”

“கேஸ் போடலாம்னுதான் வச்சிருந்தேன்” என்றது அந்தம்மா. பட்டென்று சொன்னது. என்னைப் பார்க்கக்கூட இல்லை.

“இது அசல். கோப்புல சேர்ந்துட்டா திரும்பக் கிடைக்காது. இன்னொரு இடத்துல இதைக் காட்டிக் கேக்க முடியாது. சம்மதமா?”

அந்தம்மா சுற்றியிருந்த நூலை மட்டும் எடுத்து விரலில் சுற்றிக்கொண்டது.

“வச்சிக்கிடுங்க” என்றது.

ஆள் வந்து அளந்தார்கள். தூண் கம்பி, துரு, ஒரு செங்கல்கூடச் சாந்து பார்க்காத தரை, எல்லாம் எழுதினார்கள். பதினாலாம் நாள் உத்தரவு. முதல் தளம் தொடக்கம் முதலே இருந்ததில்லை, வரிவிதிப்பு ரத்து. பொய்ப் படிவம் கொடுத்ததற்கு எனக்கு எச்சரிக்கை. கட்டின வரி திரும்ப வராது. பதினஞ்சாம் நாள் காலையில் இன்ஸ்பெக்டர் மேஜையில் வைத்தேன். படித்தார். என் பேரைச் சாட்சி என்று எழுதிக்கொண்டார்.

அந்தம்மாவை விசாரணை அன்றைக்கே பஸ் ஏற்றிவிட்டேன். காபி வேண்டாம் என்றது. பஸ் நகரும்போது ஜன்னல் வழியே சொன்னது: “அந்தக் கம்பியை அறுத்துப் போடுங்க அண்ணாச்சி. லீவுக்குப் பேரன் வந்தா மேல ஓடுவான், கண்ணுல குத்திரும்.”

என் வீட்டுக் கம்பியை அறுக்கச் சொல்ல அந்தம்மா யார்? சொல்லும். நாலு கம்பி அறுத்தாச்சு. மிச்சத்துக்கு நாளைக்கு ஆள் வருகிறான்.

சுவர் எண்ணையும் வெள்ளையடித்துவிட்டேன். ஆனாலும் நீர் வந்திருக்கிறீர். இன்னும் வருவார்கள். அவன் பிடிபடவில்லை. முந்தாநாள் கீழரத வீதியில் போனேன். அங்கே ஒரு வீடு, சுவரில் ரெண்டு எண், மேலே கம்பி. எதிரே ஒருத்தன் டீயை ஆற வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். சட்டை மடிப்புக் கலையவில்லை. நான் ரோட்டைக் கடப்பதற்குள் எழுந்து போய்விட்டான். அந்த வீட்டுக்காரனிடம் சொன்னேன். என் மாடியைப் பற்றி உமக்கென்ன என்றான். இன்ஸ்பெக்டரிடமும் சொல்லியிருக்கிறேன்.

நீர் அழுதுகொண்டு இங்கே உட்கார்ந்திருக்க வேண்டாம். ஸ்டேஷனுக்குப் போம். இந்தாரும், உத்தரவு நகல். வருகிற ஆளுக்கு ஒன்று கொடுக்க எடுத்து வைத்திருக்கிறேன். இதையும் சேர்த்துப் புகார் கொடும். விலாசமே பொய் என்றால் உம்முடைய புகார் நிற்கும்.

கடைசிப் பக்கத்தை எடும். சாட்சியம் சமர்ப்பித்தவர் என்று இருக்கிறதா, அதைப் படியும். கண்ணாடி இல்லையா? விடும், நானே சொல்கிறேன். நான் கெடுத்ததை அவர்கள்தான் நேராக்கினார்கள். பதினோரு அட்டையிலும் சம்பந்தியம்மா என்றுதான் எழுதினேன். ஒரு தடவைகூடப் பேரை எழுதவில்லை.

உலகம்மாள். கணவர் பெயர் நல்லபெருமாள். உலகம்மாள்.